சௌந்தரம் அம்மையார் கற்பித்த பிரஜைப் பாடம்

நமது அரசியல் சாசனம் 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொரு பிரஜைக்கும், சொத்துடையவர் சொத்தில்லாதவர், படித்தவர் படியாதவர், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி வோட்டுரிமை உண்டென்று அதன் 326-வது ஷரத்து விதித்தது. 1951-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி தேசத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். ஸ்திரீகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. இந்த உரிமையை வகுத்துக் கொடுத்தவர்கள் டில்லியில் கூடியிருந்த சில நூறு பேர். அதைப் பெற்றவர்களோ முதல் தேர்தலின் போது ஏறக்குறைய 17 கோடிப் பேர். இவ்விரு சாராருக்கும் நடுவில் நின்று, உரிமை இன்னது, அதை உபயோகிக்கும் முறை இன்னது என்று எடுத்துச் சொல்லும் உபாத்தியாயர் யார் என்ற கேள்விக்குச் சாசனத்தில் விடை இல்லை. அந்த விடையை ஜனங்களுக்குள்ளே வாழ்ந்த சிலர்தாம் தேடவேண்டியிருந்தது.

அப்படித் தேடியவர்களுள் ஒருவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார். திண்டுக்கல் வட்டாரத்தில் அவரை நல்ல வைத்தியர் என்று சொல்லுவோர் உண்டு. காந்திகிராமத்தை நிறுவியவர் என்று போற்றுவோர் உண்டு. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் அங்கம் வகித்தவர் என்று நினைவு கூர்வோரும் உண்டு. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் அவர் வாழ்க்கையை ஒருங்கே நோக்குமிடத்து, பிரஜைகளுக்கு உபாத்தியாயராக இருந்தது ஒன்றே அவருடைய தொழில் என்றும், மற்றவையெல்லாம் அத்தொழிலின் கிளைகள் என்றும் நமக்குத் தோன்றுகிறது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இக்காலத்தில், சாசனத்தின் பெயரைச் சொல்லாத மேடையே இல்லை. சாசனம் ஜனங்களிடம் எவ்வாறு போய்ச் சேரும் என்பதை அவர் சரித்திரத்திலிருந்து அறிந்துகொள்வது நம்மவர்க்கு நலம் பயக்கும்.

அம்மையார் 1904-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு மோட்டார்த் தொழிலில் பெரும் புகழ் பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார், தாயார் லட்சுமி அம்மாள். செல்வத்துக்குக் குறைவில்லாத குடும்பம். ஆனால் பெண்ணாய்ப் பிறந்த ஒருத்தியை அக்காலத்து வழக்கத்தினின்று செல்வம் காப்பாற்றிவிடாது. 1918-ல், பதினான்கு வயதில், சௌந்தரராஜன் என்ற டாக்டருக்கு அவர் மணம் செய்விக்கப்பட்டார். பாலிய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் பிறப்பதற்குப் பதினோராண்டுகள் முந்திய விஷயம் இது. 1929-ல் வந்த அச்சட்டமே பெண்ணின் விவாக வயதைப் பதினான்கு என்றுதான் வைத்தது என்றால், அதற்கு முன் நாட்டின் நிலைமை எப்படியிருந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

கணவர் பிளேக் நோயால் பீடிக்கப்பட்டு இளமையிலேயே இறந்தார். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856-லேயே பிறந்துவிட்டது. எனினும் அச்சட்டம் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. சட்டம் ஒரு புறம், வழக்கம் ஒரு புறம் என்று இரண்டும் எழுபது ஆண்டுகளாக ஒன்றையொன்று பாராமல் நின்றன. ஏட்டில் எழுதிய உரிமை தானாக நடந்து வந்து எவர் கையையும் பிடிக்காது என்ற பாடத்தை அம்மையார் எந்தப் புஸ்தகத்திலும் படிக்க வேண்டியிருக்கவில்லை. தம் வாழ்க்கையிலேயே அதை அவர் கண்டார். அன்றைய நிலையில் ஒரு இளம் விதவைக்கு ஊரார் ஒதுக்கி வைத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டு. அம்மையாரோ பெற்றோர் ஆதரவுடன் படிக்கப் புறப்பட்டார். டில்லி லேடி ஹார்டிஞ்ச் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, 1936-ல், 32-வது வயதில், டாக்டர் பட்டம் பெற்றார்.

டில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டது. ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரனையும் அவர் அறிந்தார். இராமச்சந்திரன் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், சாதியால் வேறானவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பியபோது குடும்பத்தில் எதிர்ப்பு எழுந்தது. சிறிது காலம் ஒருவரையொருவர் பாராமல் இருந்து, அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்று காந்தியடிகள் சொன்னார். மனம் மாறவில்லை. 1940-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி சேவாகிராமத்தில் அவர் முன்னிலையில் விவாகம் நடந்தது. இங்கே ஒரு செய்தியை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெவ்வேறு சாதியைச் சேர்ந்த ஹிந்துக்கள் செய்துகொள்ளும் விவாகம் செல்லும் என்று சந்தேகத்துக்கிடமின்றி விதித்த சட்டம் 1949-ல்தான் வந்தது. ஒன்பதாண்டு முன்னதாகவே இத்தம்பதிகள் அச்சட்டத்தின்படி வாழத் தொடங்கிவிட்டனர்! விதவை மறுமணத்தில் சட்டம் முன்னே சென்று வழக்கம் பின்தங்கியது. சாதிக் கலப்பு மணத்திலோ இவர்கள் முன்னே சென்று சட்டம் பின் வந்தது. சட்டத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய வாழ்க்கை வேறொன்றை நாம் அறியோம்.

1942-ம் வருஷப் போராட்டத்தில் இருவரும் ஈடுபட்டனர். 1944 பிப்ரவரி 22-ந் தேதி கஸ்தூரிபா அம்மையார் சிறையிருந்த ஆகாகான் மாளிகையிலேயே காலமானார். அவர் ஞாபகார்த்தமாக 75 லட்சம் ரூபாய் திரட்டுவதென்று தேசம் தீர்மானித்து, ஒரு கோடிக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அந்த நிதி கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே செலவிடப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. தென்னாட்டில் அவ்வேலையை நடத்தும் பொறுப்பைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்புவித்தார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் திண்டுக்கல் வட்டாரம். மலைக்கோட்டைக்குத் தெற்கே, சிறுமலையின் அடியில், மதுரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் பூமி அது. நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டி ஒரு பக்கம். அம்பாத்துரை ரயிலடி ஒரு பக்கம். 1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கும் பழநிக்கும் யாத்திரை வந்தபோது ஜனங்கள் கூடி அவரைத் தரிசித்த இடம் அந்த அம்பாத்துரை. சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளுடன் அம்மையார் வைத்தியசாலை தொடங்கினார். 1947 அக்டோபர் 7-ந் தேதி காந்திகிராமம் நிறுவப்பட்டது. சுதந்திரம் வந்து ஏழு வாரம். சாசனம் அப்பொழுது எழுத்தில்தான் இருந்தது.

பிரசவ வைத்தியத்துக்கும் பிரஜைக் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். மிகுந்த சம்பந்தம் உண்டு. தன் உடம்பின் மேல் தனக்கே அதிகாரமில்லை என்று எண்ணியிருக்கும் ஒருத்தி, தன் நாட்டின் மேல் தனக்கு அதிகாரமுண்டு என்பதை எப்படி நம்புவாள்? முதற்பொதுத் தேர்தலுக்காக ஜாபிதா தயாரித்தபோது, வட இந்தியாவில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படி ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டுவிட்டது. சாசனம் கொடுத்த உரிமை, பெயர் சொல்லக் கூசிய ஒரு கணத்தில் பறிபோயிற்று. தமிழ்நாடு அவ்வளவு பின்தங்கியிருக்கவில்லை. ஆயினும் பெயர் சொல்லும் துணிவு எங்கேயோ ஓரிடத்தில் முதன்முதலாகப் பிறக்க வேண்டுமல்லவா? வைத்தியசாலையில் நோயாளியாய் வந்து, தன் பெயரைத் தானே சொல்லிச் சீட்டு வாங்குகிறவளுக்கு அது முதற்பாடம். காந்திகிராமத்தில் கிராம சேவகிகளாகவும் மருத்துவச்சிகளாகவும் உபாத்தியாயினிகளாகவும் பயிற்சி பெற்ற பெண்களுக்கு அது இரண்டாம் பாடம். அவர்களிற் பலர் கைவிடப்பட்டவர்கள், இளம் விதவைகள், அநாதைகள். அத்தகையவர்கள் ஊருக்குள் ஊழியராகத் திரும்பிச் சென்று நாலு பேர் முன்னிலையில் பேசியது, எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய அரசியல் போதனை.

அந்தப் பூமியில் எல்லாச் சாதியாரும் ஒருங்கே உண்டு, ஒருங்கே தொழுது, ஒருங்கே உழைக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே விதி. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது சாசனத்தின் 17-வது ஷரத்து. பந்தியில் உட்கார்ந்து அதைக் கற்றவன் மறப்பதில்லை.

கிராமத்துக்கும் சாசனத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1948-ல் அரசியல் நிர்ணய சபையின் முன் வைக்கப்பட்ட நகலில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காந்தியடிகளின் வழி நின்றோர் மனம் நொந்தனர். அவ்வருஷம் நவம்பர் 22-ந் தேதி நம் தமிழ்நாட்டவரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தமே பின்னர் 40-வது ஷரத்தாயிற்று. பஞ்சாயத்துக்களை அமைத்து, சுய ஆட்சி அங்கங்களாக இயங்கத் தக்க அதிகாரங்களை அளிக்க ராஜ்யங்கள் முயலவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது கோர்ட்டில் வழக்காடிப் பெறத்தக்க உரிமையன்று. வழிகாட்டும் கொள்கை மட்டுமே. அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் கிராமத்தானுக்கு அதில் பசி பிறக்கவேண்டும். அந்தப் பசியை உண்டாக்குவதே காந்திகிராமத்தின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. 1956-ல் கிராமிய உயர்கல்விக் கழகம் அங்கே தொடங்கப்பட்டு, 1976-ல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்றது. பின்னாளில் பஞ்சாயத்துப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சியளிப்பதற்கு அது பெயர் பெற்றதில் ஆச்சரியமில்லை. விதை முன்னமே ஊன்றப்பட்டிருந்தது.

நிர்மாண ஊழியர்கள் தேர்தலில் இறங்கலாமா என்பது அக்காலத்தில் பெரிய விவாதம். காந்தியடிகள் இறப்பதற்கு முந்திய தினம், 1948 ஜனவரி 29-ந் தேதி, காங்கிரஸைக் கலைத்து லோக சேவக சங்கமாக மாற்றும்படி ஒரு திட்டம் எழுதிவைத்தார். அதில் ஊழியனுடைய கடமைகளுள் ஒன்றாக, ஜாபிதாவில் பெயர் விட்டுப்போனவர்களைச் சேர்ப்பிப்பதையும் சொல்லியிருக்கிறார். இராட்டையையும் சுகாதாரத்தையும் சொன்ன அதே திட்டத்தில் வோட்டர் ஜாபிதாவும் இடம் பெற்றது என்பதைத் தேசத் தொண்டர்கள் மறத்தலாகாது. பதவியை நாடவேண்டாம் என்றார் அவர். பிரஜைக் கடமையை விட்டுவிடச் சொல்லவில்லை. சௌந்தரம் அம்மையார் ஒரு படி மேலே சென்று, தாமே அபேட்சகராக நிற்கத் துணிந்தார். அது சரியா தவறா என்பதில் காந்தியவாதிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கிராமத்துப் பெண்ணுக்கு வோட்டுண்டு என்று கற்பித்தவர், அந்த வோட்டைத் தாமே கேட்டு அவள் வாசலில் போய் நின்றதில் ஒரு நேர்மை உண்டென்பது நமது அபிப்பிராயம்.

1952-ல் ஆத்தூர்த் தொகுதியில் காங்கிரஸ் அபேட்சகராக நின்று அம்மையார் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒவ்வொரு பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வோட்டர் சீட்டைக் கையில் வாங்கி, மறைவிலே சென்று, தமக்கு வேண்டிய பெட்டியில் போடவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பல கோடி ஜனங்களை நம்பி அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. உள்ளே பார்ப்பவர் எவருமில்லை. பண்ணையாரும் இல்லை, புருஷனும் இல்லை என்ற ஒரே ரகசியத்தை ஜனங்கள் நம்பியபோது பாதிச் சாசனம் அவர்களுக்கு விளங்கிவிட்டது. சென்னை ராஜ்யத்தில் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று எழுத்தறியாத ஜனங்கள் முதல் தேர்தலிலேயே காட்டிவிட்டார்கள்.

1957-ல் அம்மையார் நின்றது வேடசந்தூரில். ஆத்தூர் மலையடிவாரத்து ஊர்; வேடசந்தூரோ வானம் பார்த்த பூமி. தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் ஏங்கிக் கிடந்த அப்பக்கத்து ஜனங்களும் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து லோகசபைக்குச் சென்றார். அவ்வருஷமே பத்மபூஷண் விருது வந்தது. மத்திய சர்க்காரில் கல்வி இலாகா உபமந்திரியாக 1967 வரை பணியாற்றினார்.

அவர் அந்த இலாகாவில் நுழைந்தபோது சாசனத்தின் கடன் ஒன்று வாய்தா தவறிக் கிடந்தது. பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து வருஷத்துக்குள் அளிக்க முயலவேண்டும் என்று 45-வது ஷரத்து சொல்லியிருந்தது. பத்து வருஷம் 1960-ல் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டிலாவது காமராஜர் ஆட்சியில் 1956-ல் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு தொடங்கிக் கல்வி பரவிக்கொண்டிருந்தது. பல ராஜ்யங்களில் அதுவுமில்லை. ஒரு உபமந்திரியால் அந்தக் கடனை அடைத்துவிட முடியாது. அடைத்துவிட்டார் என்று எழுதுவது முகஸ்துதியாகும். 2002-ல் சாசனம் திருத்தப்பட்டு, 2009-ல் சட்டம் இயற்றி, 2010 ஏப்ரல் முதல்தான் ஆறு வயது முதல் பதினான்கு வரை கல்வி என்பது கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. பத்து வருஷக் கடனைத் தீர்க்க அறுபது வருஷம்! ஆயினும், கிராமப் பள்ளிக்கூடத்தை நேரில் நடத்திப் பார்த்த ஒருவர் அந்த இலாகாவில் அமர்ந்திருந்தது சிறிய காரியமன்று.

இனி 1967-ம் வருஷத்துக்கு வருவோம். அம்மையாருடைய பாராட்டுரைகளில் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். நாம் இங்கேதான் நிற்க விரும்புகிறோம். அவ்வருஷம் திண்டுக்கல் தொகுதியில் அவர் தோற்றார். தி. மு. கழகத்தின் என். அன்புச்செழியன் வென்றார். அரிசிப் பஞ்சமும், 1965-ல் ஹிந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நினைவும் ஜனங்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்திருந்தன. அந்தக் கிளர்ச்சி நடந்தபோது அம்மையார் டில்லியில் கல்வி இலாகாவிலேயே பதவி வகித்தவர். காமராஜரையே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்த தேர்தல் அது. இருபது வருஷம் தங்களுக்குள்ளே வாழ்ந்து, பிரசவம் பார்த்து, பள்ளிக்கூடம் வைத்த அம்மையாரையும் அந்த ஜனங்கள் விட்டுவைக்கவில்லை.

நன்றி கெட்ட ஜனங்கள் என்று அப்பொழுது பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. நன்றி வேறு, வோட்டு வேறு. வைத்தியம் பார்த்ததற்குக் கூலியாக வோட்டைக் கேட்பதும், பணம் கொடுத்து வாங்குவதும் இனத்தால் வேறானவை அல்ல, அளவால்தான் வேறு. உன் வோட்டு உன்னுடையது, எவருக்கும் நீ கடன்பட்டவளல்ல என்று கற்பித்த ஆசிரியரின் முன்னே மாணாக்கர் அந்தப் பாடத்தைத் தப்பின்றி ஒப்புவித்துக் காட்டினார்கள். தேர்தலில் அவர் தோற்றது மெய். ஆனால் பாடம் தோற்கவில்லை. டில்லியில் ஆட்சியிலிருந்தவர்கள் தமிழ்நாட்டு இளைஞரின் மனக்குமுறலைக் காலத்தில் அறியத் தவறினார்கள் என்ற குறையில் அம்மையாருக்கும் பங்குண்டு. அதையும் மறைக்க வேண்டுவதில்லை.

தோற்ற பின் அவர் திண்டுக்கல்லை விட்டுப் போய்விடவில்லை. தம்மைத் தோற்கடித்த ஜனங்களுக்கு மத்தியிலேயே, காந்திகிராமத்துப் பணியிலேயே வாழ்ந்தார். ஐந்தாண்டுக்கொரு முறை காரில் வந்து கும்பிட்டுவிட்டு, தோற்றால் ஊர் திசையே நோக்காதவர்களைக் கண்டு பழகிய நமக்கு, இது சாதாரணமாகத் தோன்றக் கூடாது. 1984 அக்டோபர் 21-ந் தேதி, எண்பதாவது வயதில், அம்மையார் காலமானார். அப்பொழுது திண்டுக்கல் மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி. மறு வருஷந்தான் அது தனி ஜில்லாவாயிற்று.

சந்தானத்தின் திருத்தம் வெறும் வழிகாட்டியாய்க் கிடந்த நிலை 1993-ல் மாறியது. 73-வது திருத்தத்தால் பஞ்சாயத்துக்கும் கிராம சபைக்கும் சாசனத்தில் உறுதியான இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு உள்ளூர் ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-ல் வந்தது. ஏட்டளவில் இவ்வளவு முன்னேற்றம். ஆனால் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் வாசலில் நிற்க, அவள் கணவர் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்து வாங்கும் ஊர்கள் இல்லையா? தனித்தொகுதியில் வென்ற தலைவர் தம் ஆபீஸில் நாற்காலியில் உட்காரவே போராட வேண்டிய ஊர்கள் இல்லையா? பெயர் சொல்லக் கூசிய 28 லட்சம் பெண்களின் கதை முடிந்துவிட்டதென்று எவர் சொல்ல முடியும்?

அரசியலில் ஈடுபட்ட நம் இளைஞர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுதான். சாசனத்தைத் தலைமேல் தூக்கி ஊர்வலம் போவதோடு நின்றுவிடாதீர்கள். குடியரசு தினத்தன்று உங்கள் ஊர்க் கிராம சபை கூடும்போது அங்கே போய் உட்காருங்கள். ஜாபிதாவில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தெருத்தெருவாகக் கேளுங்கள். 17-வது ஷரத்து உங்கள் ஊர் டீக்கடையில் நடக்கிறதா என்று பாருங்கள். பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் அவளே அமர்கிறாளா என்று விசாரியுங்கள். இவற்றைச் செய்தபின் ஜனங்கள் உங்களுக்கு வோட்டளிக்காமற் போனாலும் போகலாம். சௌந்தரம் அம்மையாருக்கும் அளிக்காமற் போனார்கள். மறுநாளும் அவர் காந்திகிராமத்தில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.